வாக்கும் பாட்டும்

1

கலை விஷயத்தில் தலைகளை எண்ணுவது அபத்தம் என்று சிறு பத்திரிகைக்காரர்களாகிய நாம் வெகுகாலமாகச் சொல்லி வருகிறோம். லட்சம் பேர் படித்ததால் ஒரு நாவல் நல்ல நாவல் ஆகிவிடாது. முந்நூறு பேர் மட்டும் படித்ததால் கெட்டும் போகாது. இந்தத் தெளிவு நமக்குச் சுலபமாகக் கிடைத்ததல்ல. ஆனால் எந்தத் தெளிவும் நாளடைவில் சோம்பலுக்கு வசதியாகிவிடும். டெலிவிஷன் பாட்டுப் போட்டி என்ற பேச்சு எழுந்தால் நம்மில் யாரும் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதில்லை. வியாபாரம், ஜனரஞ்சகம், ரசனைச் சீரழிவு என்று மூன்று சொற்களில் கணக்கு முடிந்துவிடுகிறது. முடிந்ததுதானா என்று பார்க்க ஒரு குறிப்பிட்ட பாடகரை எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு விழுந்த வாக்குகளில் பெரும்பகுதி அவர் பாட்டுக்கு விழவில்லை. அந்தக் காரணத்தினாலேயே அவர் விமர்சகனின் கவனத்துக்கு உரியவராகிறார்.

பிரஷாந்த் தமாங் 1983-ல் டார்ஜிலிங்கில் பிறந்தவர். தகப்பனார் போலீஸ்காரர், விபத்தில் இறந்துபோனார். மகன் படிப்பை விட்டுவிட்டு, தகப்பனாரின் இடத்தில் கல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். போலீஸ் இசைக்குழுவில் பாடினார். முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. 2007-ல் சோனி டெலிவிஷன் நடத்திய 'இண்டியன் ஐடல்' மூன்றாவது வருஷப் போட்டியில் கலந்துகொண்டார். செப்டம்பர் 23 அன்று வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். இறுதிச் சுற்றில் எதிரே நின்றவர் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பால். 7 கோடி வாக்குகளுக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். இது 7 கோடி மனிதர்கள் அல்ல. அன்று ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் காசு. சாதாரணச் செய்தியைவிட இந்தச் செய்திக்கு விலை அதிகமாக இருந்தது. ஆகவே இங்கே எண்ணப்பட்டது தலைகளும் அல்ல, ரசனையும் அல்ல. எத்தனை பேர் எவ்வளவு செலவழிக்கத் தயார் என்பது எண்ணப்பட்டது.

அந்த வருஷம் டார்ஜிலிங், காலிம்போங், குர்சியோங் மலைகளிலும் சிக்கிமிலும் நடந்ததை ரசிக வெறி என்று சொல்லித் தாண்டிப் போக முடியாது. மன்றங்கள் அமைந்தன. ஊர் ஊராகப் பணம் வசூலானது. வசூலான பணம் செய்திகளாக மாறி மும்பைக்குப் போயிற்று. மலையில் அப்போது அதிகாரம் சுபாஷ் கீசிங்கின் கையில் இருந்தது. கோர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கேட்டு 1986 முதல் 1988 வரை அவர் நடத்திய கிளர்ச்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு மலைக் கவுன்சில். அதை ஏறத்தாழ இருபது வருஷம் ஆண்டுகொண்டிருந்த கீசிங் இந்தப் பாட்டுப் போட்டியைப் பொருட்படுத்தவில்லை. அவர் கட்சியிலேயே இருந்த பிமல் குருங் பொருட்படுத்தினார். வாக்குத் திரட்டும் வேலையில் முன்னால் நின்றார்.

வெற்றி அறிவிக்கப்பட்ட கையோடு டெல்லியில் ஒரு தனியார் வானொலியின் அறிவிப்பாளர், இவர்கள் பாட வந்துவிட்டால் இனி வீட்டு வாசலில் யார் காவல் இருப்பது என்கிற பாணியில் கேலி பேசினார். அதைக் கண்டித்துச் செப்டம்பர் 28 அன்று சிலிகுரியில் நடந்த ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. ஊரடங்கு போடப்பட்டது, ராணுவம் அழைக்கப்பட்டது. அக்டோபர் 7-ல் பிமல் குருங் 'கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா' என்ற கட்சியைத் தொடங்கினார். போட்டி முடிந்து பதினான்கு நாள். அடுத்த ஆண்டு மார்ச்சில் கீசிங் கவுன்சில் பதவியை விட்டார். ஜூலையில் மலையை விட்டே இறங்கிப் போனார். இருபது வருஷ அதிகாரம் சரிந்ததற்கு வேறு ஆழமான காரணங்கள் இருந்தன. ஆனால் ஜனங்கள் ஒன்றுகூடிப் பழகிக்கொண்டது, தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே முதல் தடவையாகக் கண்ணால் பார்த்துக்கொண்டது, இந்தப் பாட்டுப் போட்டியில்தான்.

2

டெல்லி அறிவிப்பாளரை நாம் அவசரப்பட்டுக் கண்டிக்க வேண்டாம். அவர் வாய்விட்டுச் சொன்னதை நம் பாஷை சொல்லாமலே செய்து வைத்திருக்கிறது. தமிழில் 'கூர்க்கா' என்பது ஒரு ஜனத்தின் பெயர் அல்ல. ஒரு வேலையின் பெயர். இரவில் விசில் ஊதிக்கொண்டு, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு போகிறவன், மாதம் பிறந்தால் வாசலில் வந்து தலையைச் சொறிகிறவன், கூர்க்கா. 'எங்கள் தெருவுக்குக் கூர்க்கா போட்டிருக்கிறார்கள்' என்று நாம் பேசுகிறோம். 2019-ல் வந்த ஒரு தமிழ்ப் படத்துக்கு 'கூர்க்கா' என்றே பெயர், கதாநாயகன் காவல்காரன், படம் நகைச்சுவைப் படம். ஒரு ஜனத்தின் பெயரைத் தொழிற்பெயராக்கிவிட்ட பாஷையில் இருந்துகொண்டு மலைக்காரர்களின் கோபத்தை மிகை என்று எடைபோட நமக்கு அருகதை இல்லை.

கோர்க்கா என்ற பெயரை அந்த மலைக்காரர்கள் விரும்பி வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. நேபாளி என்று சொன்னால் நேபாளத்துப் பிரஜை என்று ஆகிவிடுகிறது. தலைமுறைகளாக இந்தியாவில் இருந்தும், பாஷையின் பெயரும் பக்கத்து நாட்டின் பெயரும் ஒன்றாகிவிட்டதால், ஒவ்வொரு தடவையும் தாங்கள் அந்நியர் அல்ல என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நேபாளி பாஷை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறியதே 1992-ல்தான். இந்தப் பின்னணியில் போட்டியின் தலைப்பைத் திரும்பப் படிக்க வேண்டும். 'இண்டியன் ஐடல்'. நாம் ஏளனம் செய்தது இரண்டாவது சொல்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கியது முதலாவது சொல்லை.

ஷில்லாங்கின் கதை இதற்கு நேர்மாறாகப் போனது போலத் தோன்றும். அமித் பால் அங்கே வாழ்ந்த வங்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1979-ல் ஷில்லாங்கில் வங்காளிகளுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அதன் பிறகும் பழங்குடிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே புகைச்சல் அடங்கியதில்லை. அந்த ஊரில் காசிகளும் வங்காளிகளும் சேர்ந்து ஒரு வங்காளிப் பையனுக்கு வாக்குத் திரட்டினார்கள். மேகாலயா அரசு அவரைச் சமாதானத்துக்கும் நல்லிணக்கத்துக்குமான தூதர் என்று அறிவித்தது. ஒரு மலையில் கட்சி பிறந்தது, இன்னொரு மலையில் சமாதானம் பிறந்தது என்று பத்திரிகைகள் எழுதச் சௌகரியமாக இருந்தது. ஆனால் 1986-ல் மேகாலயாவிலிருந்து நேபாளிகள் வெளியேற்றப்பட்டதுதான் முதல் கோர்க்காலாந்து கிளர்ச்சியைத் தூண்டிய உடனடிக் காரணங்களில் ஒன்று. அதை நினைவில் வைத்துப் பார்த்தால் இரண்டு மலைகளின் கதையும் ஒன்றேதான். இரண்டு இடத்திலும் ஜனங்கள் பாட்டைக் கேட்கவில்லை. தங்களைப் பற்றி ஒரு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் வாக்கு என்றால் ஓட்டு. வாக்கு என்றால் சொல்லும்கூட. முதலாவது கைக்கு வருவது இரண்டாவது கிடைக்காதபோது. தன் சொல் எங்கும் எடுபடாத ஜனம், விலை கொடுத்து வாங்கக் கிடைத்த ஓட்டைச் சொல்லாக உபயோகித்துக்கொண்டது. இதை ரசனைச் சீரழிவு என்று அழைப்பது, தபாலாபீஸில் மணியார்டர் படிவம் நிரப்புகிறவனின் கையெழுத்தில் கவித்துவம் இல்லை என்று குறைப்படுவதற்குச் சமம்.

3

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இன்னொரு சௌகரியமான முடிவுக்கு வந்து சேர்வோம். ஜனங்கள் விழித்தெழுந்தார்கள், ஆகவே போட்டி நல்லது. அரசியல் பிரக்ஞையைப் பெரிதாக மதிக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். என் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. மேடையில் நின்றவன் ஒரு பாடகன். அவனுக்கு என்ன ஆயிற்று?

போட்டியின் உருவத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போட்டியாளர்கள் பெரும்பாலும் பாடுவது பிறர் ஏற்கெனவே பாடி, ஜனங்கள் ஏற்கெனவே விரும்பிய சினிமாப் பாட்டுகளை. அதுவும் முழுப் பாட்டு அல்ல, துண்டு. பாட்டு எல்லோருக்கும் பொது. ஆகவே பாட்டை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது. பிரித்துக்காட்ட எதாவது வேண்டும். அந்த இடத்தில் வாழ்க்கைக் கதை வந்து உட்காருகிறது. இறந்துபோன தகப்பனார், காக்கி உடுப்பு, மலையில் காத்திருக்கும் தாயார். நாவலில் பாத்திரத்தை உருவாக்குவது போலவே இதைச் செய்கிறார்கள். ஒரு வித்தியாசம், இங்கே பாத்திரத்துக்கு நிஜமாகவே தகப்பனார் இறந்திருக்கிறார். வாரத்துக்கு வாரம் கதை தடித்துக்கொண்டே போகிறது, பாட்டு மெலிந்துகொண்டே போகிறது. நடுவர்களாக இருந்த அனு மாலிக், உதித் நாராயண், அலீஷா சினாய், ஜாவேத் அக்தர் ஆகியோர் சங்கீதம் தெரிந்தவர்கள்தான். ஆனால் கடைசித் தீர்ப்பு அவர்களுடையதல்ல. அவர்கள் கருத்துச் சொல்லலாம். அது கதைக்குச் சுவை சேர்க்கும்.

இதில் நஷ்டமானது என்ன என்று தெரிய, அதே டார்ஜிலிங்கில் இதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பு நடந்த ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அகம் சிங் கிரி என்ற டார்ஜிலிங் கவி எழுதிய 'நௌலாக் தாரா' என்ற பாட்டுக்கு, அதே ஊரில் பிறந்த அம்பர் குருங் இசையமைத்து 1960-களின் தொடக்கத்தில் தாமே பாடினார். ஒன்பது லட்சம் நட்சத்திரம் என்று பொருள். சொந்த மண் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடமில்லாமல் பரதேசங்களில் சிதறிப்போன நேபாளிகளின் துக்கம் அதன் பொருள். யாரும் யாருக்கும் வாக்களிக்காமலே அந்தப் பாட்டு ஒரு ஜனத்தின் பாட்டாக ஆனது. அவர்களுடைய நிலைமை என்ன என்பது அதன் சொல்லிலும் சுரத்திலும் இருந்தது. கேட்டவன் தன்னை அதில் கண்டுகொண்டான். பாடியவரின் வாழ்க்கைக் கதை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அம்பர் குருங் வங்காள அரசின் கலைப் பிரிவு ஒன்றில் டார்ஜிலிங்கில் சில காலம் வேலை பார்த்தார். அதை விட்டார். பிறகு காத்மாண்டுவுக்குப் போய்விட்டார். நேபாளம் மன்னராட்சியைக் கைவிட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அதற்குப் புதிய தேசிய கீதம் தேவைப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் அவர். அந்தக் கீதம் ஏற்கப்பட்ட தேதி 2007 ஆகஸ்ட் 3. மும்பையில் பிரஷாந்த் தமாங் வாரா வாரம் இந்திப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த அதே மாதங்கள். டார்ஜிலிங் பெற்ற ஓர் இசையமைப்பாளர் பக்கத்து நாட்டுக்குக் கீதம் தந்துகொண்டிருந்தார். டார்ஜிலிங் ஜனங்களோ தாங்கள் பக்கத்து நாட்டுக்காரர்கள் அல்ல என்று நிரூபிக்கக் காசு திரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு சம்பவங்களும் ஒன்றையொன்று அறியவில்லை. அறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க நான் தயாரில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். அறுபதுகளில் அந்த ஜனத்திடம் ஒரு பாட்டு இருந்தது. 2007-ல் ஒரு பாடகர் இருந்தார், பாட்டு இல்லை.

4

வெற்றிக்குப் பின் வந்த முதல் இசைத்தட்டின் பெயர் 'தன்யவாத்'. நன்றி. இந்தப் பெயரில் எல்லாம் இருக்கிறது. ஓர் இளம் கலைஞன் தன் முதல் படைப்புக்கு வைக்கிற பெயர் அல்ல இது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டு. மலையே சேர்ந்து வாங்கிக் கொடுத்த பட்டம் அது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு மோசமாகவும் பாட முடியாது, தனக்குப் பிடித்ததையும் பாட முடியாது. நன்றாகப் பாடினாலும் அது கோர்க்காக்களின் வெற்றி; சறுக்கினால் கோர்க்காக்களின் அவமானம். கலைஞனுக்குத் தோற்கிற சுதந்திரம் வேண்டும். வெற்றி அவரிடமிருந்து பறித்துக்கொண்டது அதை.

மும்பை சினிமாவில் பின்னணிப் பாடகராக அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டெலிவிஷன் போட்டியின் சந்தை வேறு, பாட்டுப் பதிவின் சந்தை வேறு. முதலாவதில் அன்று பார்வையாளர்களும் செய்திக் கட்டணமும் சரக்காக இருந்தன. இரண்டாவதில் இசையமைப்பாளருக்கு ஒரு மதிய நேரத்துக்குள் தான் நினைத்ததைப் பாடித் தருகிற தொண்டை வேண்டும். அந்தத் தொண்டைக்குப் பின்னால் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. 2005-ல் இன்னொரு டெலிவிஷன் போட்டியில் தோற்று வெளியேறிய அரிஜித் சிங், பிறகு இசையமைப்பாளர்களிடம் பதிவுக்கூட வேலை பார்த்துத் தொழில் கற்று, இந்தி சினிமாவின் முதன்மைக் குரலானார். 2006-ல் 'இண்டியன் ஐட'லிலேயே வெளியேற்றப்பட்ட நேஹா கக்கர் பெரும் பெயர் பெற்றார். தோற்றவர்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரஷாந்த் தமாங்குக்கு வேலை கிடைத்தது காத்மாண்டுவில். 2010-ல் 'கோர்க்கா பல்டன்' என்ற நேபாளிப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். படம் ஓடியது. அதன் பின் வேறு சில நேபாளிப் படங்கள், 2015-ல் 'பர்தேசி'. நேபாளி பேசுவோர் இருக்கிற ஊர்களில் மேடைக் கச்சேரிகள். இந்தியன் என்று நிரூபிப்பதற்காக ஒரு மலை தேர்ந்தெடுத்து அனுப்பிய பாடகர், பிழைப்புக்கு நேபாளத்துச் சினிமாவுக்குப் போக வேண்டியிருந்தது. அம்பர் குருங் போன அதே பாதை. நாற்பது வருஷத்தில் அந்தப் பாதை மாறவில்லை. நடுவில் 7 கோடி வாக்குகள் மட்டும் விழுந்திருக்கின்றன. 2025 ஜனவரியில் 'பாதாள் லோக்' என்ற இந்தித் தொடரின் இரண்டாம் பாகம் வெளியானது. கதை நாகாலாந்தைச் சுற்றி நடக்கிறது. அதில் துப்பாக்கி ஏந்திய கொலையாளியாக, பேச்சு குறைந்த ஒரு வேடத்தில், பிரஷாந்த் தமாங் நடித்தார். பலர் பாராட்டினார்கள்.

வரிசையைப் பாருங்கள். போட்டியில் கான்ஸ்டபிள். 'பல்டன்' என்றால் ராணுவப் படைப்பிரிவு, அங்கே சிப்பாய். கடைசியில் கொலையாளி. சமவெளி மனசு மலைமுகத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிற இடங்கள் ஏறத்தாழ இவ்வளவுதான்: கையில் கம்போ துப்பாக்கியோ இருக்க வேண்டும். டெல்லி அறிவிப்பாளர் கேட்ட கேள்விக்கு நம் கலைத்தொழில் சத்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறது. காவல்காரன் பாட வந்தான். பாடி முடித்ததும் அவன் கையில் மறுபடி ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார்கள். இதில் யாருடைய துர்எண்ணமும் இல்லை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு நல்ல வாய்ப்பு. சேர்த்துப் பார்த்தால்தான் உருவம் தெரிகிறது. அந்த உருவத்தைக் காட்டுவது விமர்சகனின் வேலை.

மலைக்கும் கேட்டது கிடைக்கவில்லை. 2011-ல் ஓர் ஒப்பந்தம். கவுன்சிலுக்குப் பதில் வேறு பெயரில் ஒரு நிர்வாகம். 2017-ல் பள்ளிகளில் வங்காளி கட்டாயமாகும் என்ற அறிவிப்பை ஒட்டி மலை மறுபடி கொதித்தது. 104 நாள் கடையடைப்பு. பிமல் குருங் தலைமறைவானார். தனி மாநிலம் வரவில்லை. பாட்டுப் போட்டியில் கற்றுக்கொண்ட கணக்கு ஓரிடத்தில் மட்டும் செல்லும்: எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்ற இடத்தில். பார்லிமெண்டில் டார்ஜிலிங்குக்கு ஒரே ஓர் ஆசனம். அங்கே ஒருவனுக்கு ஒரே வாக்கு.

5

அப்படியானால் இந்தப் பாடகர் யார்? அவருக்கு வாக்களித்தவர்களும் கேட்கவில்லை, ஏளனம் செய்த நாமும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்றுதான். மூன்றாவதாக ஒருவன் அவரைக் குரலாக மட்டும் கேட்டால், பெரிய குரல் என்று சொல்ல மாட்டான். மென்மையான குரல். மத்திம ஸ்தாயியில் நிதானமாக நிற்கும். சங்கதிகளால் மிரட்டத் தெரியாது. நேபாளியில் பாடும்போது சொற்கள் வாயில் இயல்பாகப் புரள்வதும், இந்தியில் பாடும்போது ஒரு ஜாக்கிரதை வந்து உட்கார்ந்துகொள்வதும் கேட்கத் தெரியும். ஒரு போலீஸ் இசைக்குழுவிலோ, மலைநகரத்து விழா மேடையிலோ, நாலு பேர் கேட்டு நெஞ்சு நெகிழ்ந்து வீட்டுக்குப் போகிற மாதிரிப் பாடக்கூடிய குரல்.

இப்படிப்பட்ட குரல்கள் ஒரு சமூகத்துக்கு அவசியம். எல்லாப் பாடகனும் மேதையாக இருந்தால் சங்கீதம் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். கோவில் திண்ணையிலும் கல்யாணப் பந்தலிலும் சிப்பாய்க் கொட்டடியிலும் பாடுகிற நடுத்தரக் குரல்களின் மேல்தான் மேதைகள் நிற்கிறார்கள். அகம் சிங் கிரி எழுதியதையும் அம்பர் குருங் மெட்டமைத்ததையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் பெயர் தெரியாத அந்தப் பாடகர்கள்தான். டெலிவிஷன் போட்டி செய்கிற பெரிய சேதம், மோசமான பாடகனை உயர்த்திவிடுவதல்ல. அதை நாம் தேவைக்கு மேல் பேசியாகிவிட்டது. நடுத்தரமான நல்ல பாடகன் நடுத்தரமாக, நல்லவனாக இருந்துவிட்டுப் போகிற உரிமையை அது அழித்துவிடுகிறது. அவன் நட்சத்திரமாக வேண்டும் அல்லது தோல்வி என்று பெயர் வாங்க வேண்டும். நடுவில் இருந்த திண்ணையை இடித்துவிட்டார்கள்.

நம் பங்கும் இதில் உண்டு. மேதையைத் தவிர வேறு யாரைப் பற்றியும் எழுதுவதற்கு இந்தப் பக்கங்களில் நாம் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொள்ளவில்லை. உன்னதம் அல்லது குப்பை. போட்டிக்காரர்களும் இதே இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டுதான் எடை போடுகிறார்கள். எடைக்கல் மட்டும் வேறு. 2007-ல் அந்த மலையில் வாக்களித்தவர்களுக்குக் கேட்க நேரமில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய அவசரம் இருந்தது. நமக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகைக்கு இருக்கிற ஒரே ஆடம்பரம் நேரம். அதை ஒரு சாதாரணக் குரலைக் கடைசிவரை கேட்பதற்குச் செலவழிக்கலாம்.